வெறும் வயிற்றில் இரண்டு மூடி

மார்ச் 3

தம்பிக்கு,

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை வைத்துவிட்டாய். அதன் பிறகு எத்தனை முறை அடித்தாலும் எடுப்பதில்லை. சரி, கோபம் இருக்கட்டும். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அன்றைக்கு நான் எடுத்த எடுப்பில் "அந்தச் சாற விக்காதடா" என்று கத்தினேன். அப்படிச் சொன்னால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். தொழிற்சாலையின் பின்பக்கம், பழம் கழுவும் தொட்டிகளுக்கு மேலே இருக்கும் அறையில், நம் சிவப்புப் பாட்டிலில் போகும் மாதுளை மூலிகைச் சாற்றைப் பரிசோதிக்கிறேன். சாற்றை வடிகட்டி, ஒரு துளியைக் கருவிக்குள் செலுத்துவேன். மாவு போன்ற பொடி அடைத்த ஓர் எஃகுக் குழாய் வழியாக அது போகும். அந்தக் குழாயை நாங்கள் காலம் என்போம். column என்ற இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனால் தமிழிலும் பொருந்திப் போகிறது. கலந்து உள்ளே போகும் பொருள்கள் எல்லாம் அதனதன் நேரம் வரும்போது தனித்தனியாக வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு முகடு எழும். பெரிய முகடு என்றால் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மாதுளையில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் இப்படித்தான் வரிசையாக வரும். வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அந்தக் கோடு எனக்கு நம் வீட்டு ஆள் முகம் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பருவம் அந்த முகம் மாறிவிட்டது. மாதுளையின் முகடுகள் அமுங்கிக் கிடக்கின்றன. பழம் விளையவில்லை, தண்ணீர் அதிகம் ஊற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், கம்பம் நட்டது போல ஒற்றையாக ஒரு முகடு நிற்கிறது. மொத்தச் சத்தைப் பார்க்க ஒரு நிறச் சோதனை உண்டு. ஊதாக் கரைசலில் சாற்றை விட்டால் ஊதா வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து. அதில் சாறு அமோகமாகத் தேறுகிறது. போன வருடத்தைவிட நன்றாகவே. பழம் குறையும்போது சத்து எங்கிருந்தடா கூடும்?

மேலாளரிடம் கேட்டேன். "ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அது என்னவென்று தெரியும்வரை விற்காதே. நீ குடிக்காதே. உன் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் கொடுக்காதே. உன் கடையிலிருந்து ஒரு பாட்டிலைப் பார்சலில் அனுப்பு. கடைக்கு வருவதும் எனக்குச் சோதிக்கத் தருவதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

அக்கா

மார்ச் 11

விஞ்ஞானி அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இவள்தான் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, "அக்கா சும்மா சொல்ல மாட்டாங்க" என்று உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். வீட்டில் இப்போது எனக்கு எதிராக இரண்டு பேர். அதில் ஒருத்தி தபாலில் வருகிறாள்.

ஒன்று கேட்கிறேன். என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்தது யார்? பஸ் டெப்போவில் டிக்கெட் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்தேன். "எங்க கம்பெனிச் சாறு சுத்தம்டா, சோதிக்கிறதே நான்தான், தைரியமா ஏஜென்சி எடு" என்று சொன்ன வாய் எது? நானும் வேலையை விட்டேன். வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் பேசி, இப்போதுதான் தலை நிமிர்ந்திருக்கிறேன். நிமிர்ந்த தலையில் நீயே குட்டுகிறாய். ஏதோ ஒரு கோடு கொஞ்சம் உயரமாகப் போய்விட்டதாம், உடனே கடையை மூட வேண்டுமாம்.

என் கடைக்கு விளம்பரமே நான்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், லேபிளில் போட்டிருப்பது போல வெறும் வயிற்றில் இரண்டு மூடி, வாசலில் நின்று ஊரார் பார்க்கக் குடிப்பேன். நாலு பேர் நின்று பார்த்தால் உற்சாகத்தில் இன்னும் இரண்டு. கெடுதல் என்றால் முதலில் எனக்குத்தானே வந்திருக்க வேண்டும்?

இங்கே டீச்சரம்மா என்று ஒருவர் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, உன் சாறு குடிச்சதுலேருந்து கைப்பிடியப் பிடிக்காம மாடி ஏறுறேன்" என்று ஊரெல்லாம் சொல்வார். அவர் சொல்லியே அந்தத் தெரு முழுக்க என்னிடம் வாங்குகிறது. கொஞ்ச நாளாகக் காணவில்லை, மகன் வீட்டுக்குப் போயிருப்பார். வந்ததும் உன்னைப் பற்றிச் சொல்கிறேன், பிரம்பை எடுத்துக்கொண்டு வருவார்.

பாட்டில் அனுப்ப மாட்டேன். உன் சந்தேகத்துக்கு நானே எண்ணெய் ஊற்றுவதா? பாப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. புளிக்கிறது என்று ஒரே வாயில் என் சட்டையில் துப்பிவிட்டாள். இவளுக்கும் பிடிக்காது. ஆகவே இந்த வீட்டில் சாகப்போவது நான் ஒருத்தன்தான்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

விளையாட்டுக்குக்கூட இப்படி எழுதாதே.

உன்னை ஏஜென்சி எடுக்கச் சொன்னது நான்தான். அப்போது சாறு சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சொன்ன வாய்தான் இதையும் சொல்கிறது.

நீ பாட்டில் அனுப்பாததால் பஸ் நிலையத்துக் கடையில் நானே ஒன்று வாங்கினேன். அதிலும் அதே ஒற்றை முகடு. எங்கள் ஃபிரிட்ஜில் சுத்தமான பொருள்களைச் சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்திருப்போம். ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தேன். பச்சைத் தேயிலையில் இருக்கும் ஒரு பொருள் சரியாக அந்த நேரத்தில் வெளியே வந்தது. இருந்தாலும் சந்தேகம். சாற்றிலேயே அந்தப் பொருளைக் கொஞ்சம் கலந்து மறுபடி ஓட்டினேன். வேறு வேறு பொருள்களாக இருந்தால் முகடு இரண்டாகப் பிளந்திருக்கும், ஓரத்திலாவது ஒரு திமில் தெரிந்திருக்கும். பிளக்கவில்லை. அதே முகடு இன்னும் உயர்ந்தது. அச்சு அசலாக ஒன்றேதான்.

பழத்தைக் குறைத்துவிட்டு, ஊதாவை வெளுக்க வைக்கப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்து இறுக்கிய தூளைக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீரில் இருக்கும்போது அது நல்ல பொருள், நானே குடிப்பேன். பல கோப்பைகளில் இருக்க வேண்டியதை இரண்டு மூடிக்குள் அடைத்து, அதையும் வெறும் வயிற்றில் தினமும் விட்டால் சிலருடைய கல்லீரல் தாங்காது. எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.

மேலாளரின் அறைக்குப் போனேன்.

"அதுவும் இலைதானேம்மா? விஷத்தையா போட்டுட்டோம்?" என்றார்.

"லேபிள்ல இல்லையே சார்."

"மூலிகைன்னு பொதுவாப் போட்டிருக்கோம்ல. தேயிலை மூலிகை இல்லையா?"

"இவ்வளவு இருக்கக் கூடாது சார். அதுவும் வெறும் வயித்துல..."

"எவ்வளவு இருக்குன்னு பாக்குறது உங்க வேலை. எவ்வளவு போடணும்னு பாக்குறது என் வேலை." குரல் உயரவே இல்லை. நான் கதவருகே வந்த பிறகு, மேஜையைப் பார்த்தபடியே கேட்டார்: "உங்க தம்பிதானே கிழக்குப் பக்கம் ஏஜென்சி? நல்லாப் பண்றாரு. சின்னக் குழந்தை வேற இருக்கு, இல்ல?"

உன்னைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை.

மறுநாள் போனால் குப்பிகள் இருக்கும் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு. எனக்கு எதிரே புது நாற்காலி போட்டு, நடுவயது ஆள் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு உதவிக்கு" என்றார்கள். உதவி ஒன்றும் செய்வதில்லை. நான் எழுந்தால் எழுகிறார், உட்கார்ந்தால் உட்காருகிறார்.

டீச்சரம்மா எங்கே போனார் என்று விசாரித்து எழுது. மகன் வீடு என்று நீயாக முடிவு கட்டாதே.

அக்கா

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

டீச்சரம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

உன் கடிதம் வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மாதான் விஷயத்தைச் சொன்னார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் மகன் நின்றிருந்தான். "ஈரல் கெட்டுப்போச்சுங்கறாங்க. ஒரு துளி சாராயம் தொட்டதில்ல எங்கம்மா. எப்படிண்ணே வரும்?" என்று கேட்டான். யாரிடம் கேட்கிறான் பார்த்தாயா? என்னிடம்.

ஜன்னலை ஒட்டிய கட்டில். முதலில் வேறு யாரோ என்று தாண்டிப் போய்விட்டேன். உடம்பெல்லாம் மஞ்சள். கண்ணைத் திறந்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் முட்டைக் கரு நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "சீக்கிரம் தேறணும்ல தம்பி, அதான் இப்ப மூணு மூடியாக் குடிக்கிறேன்" என்றார். தலைமாட்டில் மருந்துகளுக்கு நடுவே நம் சிவப்புப் பாட்டில் நின்றது. மகன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான். என் கடையில், என் கையால், அவர் மகன் என்று தெரியாமலே நான் கொடுத்தது.

அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை கம்பெனியின் ஏரியா ஆபீசர் வந்தார். எப்போதும் பைக்கில் வருகிறவர், இந்த முறை வேனோடு வந்தார். "லேபிள்ல அச்சுப் பிழை, ஜனவரிக்கு அப்புறம் வந்ததெல்லாம் திரும்ப எடுக்கிறோம்" என்று அலமாரியைத் துடைத்து எடுத்துவிட்டார். மேஜை மேல் இருந்த என் பையையும் திறந்து பார்த்து, டீச்சரம்மாவின் பாட்டிலை எடுத்துக்கொண்டார். என் பையை அவர் ஏன் திறக்க வேண்டும்? நான் ஏன் பார்த்துக்கொண்டு நின்றேன்? போகும்போது தோளில் கை போட்டு, "அக்கா எப்படி இருக்காங்க? இன்னும் அந்த பேக்கரி மாடியிலதான் தனியா இருக்காங்களா?" என்றார். நீ பேக்கரி மாடிக்குக் குடிபோனது எனக்கே ஜனவரியில்தான் தெரியும்.

இதையெல்லாம் ஃபோனில் பேச வேண்டாம். என் வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் கம்பெனி கொடுத்தது.

நானும் குடிப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியும் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் விடாமல் அரிப்பு. வெயில்தான், வேறொன்றும் இல்லை.

தம்பி

ஏப்ரல் 5

தம்பி,

வெயில் இல்லை.

இதைப் படித்ததும் வெளிச்சத்துக்குப் போய்க் கண்ணாடியில் உன் கண்ணைப் பார். சிறுநீர் கறுத்துப் போகிறதா பார். எப்படி இருந்தாலும் இன்றைக்கே டாக்டரிடம் போ. "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதே, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பச்சைத் தேயிலைச் சத்துத் தூள் கலந்த சாறு, மாதக்கணக்கில், வெறும் வயிற்றில் என்று இதே வார்த்தைகளில் சொல். டீச்சரம்மாவின் டாக்டரிடமும் இதைச் சொல். உனக்கு வெட்கமாக இருந்தால் உன் வீட்டுக்காரியைச் சொல்லச் சொல். கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

இங்கே என் கணினியை ரிப்பேருக்கு என்று எடுத்துப் போனார்கள். அது கெட்டுப்போகவே இல்லை. திரும்பி வந்தபோது போன வருட முகட்டுப் படங்கள் எல்லாம் இருந்தன, இந்தப் பருவத்துப் படங்கள் ஒன்றுகூட இல்லை. "எடத்த அடைக்குதுன்னு அழிச்சுட்டாங்க மேடம்" என்றார் உதவிக்கு வந்தவர். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் வாங்கி வைத்திருந்த பாட்டிலும் காணோம். நான் கண்டதெல்லாம் இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை எந்த அதிகாரியும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

நேற்று பேக்கரிக்காரர் ரொட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேர் வந்தாங்கம்மா. எத்தன மணிக்கு வருவீங்க, கூட யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. சொந்தக்காரங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். அவரைப் பயமுறுத்துவானேன்.

நீ டாக்டரிடம் போனாய் என்று ஒரு வரி எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

சொல்வது நான், எழுதுவது இவள். கையில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். என் கையெழுத்தைவிட இது அழகாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். கண்ணைப் பார்த்ததும் உட்காரக்கூட விடாமல் படுக்க வைத்துவிட்டார்கள். நீ சொன்ன வார்த்தைகளை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, "இத யார் உங்ககிட்ட சொன்னா?" என்றார். "எங்கக்கா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

டீச்சரம்மா போய்விட்டார். நான் மேல் மாடியில் படுத்திருக்கும்போது கீழ் வார்டில் அவர் உயிர் போயிருக்கிறது. அழுகைச் சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து மகன் என்னைத் தேடி வந்தான். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் குடிச்சீங்களா?"

"தினமும்."

"தெரியாமலா?"

"எங்கக்கா சொன்னா. நான் நம்பல."

அடித்திருக்கலாம், நான் தடுத்திருக்க மாட்டேன். காலடியில் கிடந்த போர்வையை இழுத்து என் மேல் விட்டுவிட்டுப் போனான்.

ஏரியா ஆபீசரும் வந்தார், ஆப்பிள் கூடையோடு. "செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும். அக்காவ மட்டும் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க. தனியா இருக்கிறவங்க" என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், உங்க வீட்ல யாராவது இந்தச் சாறு குடிக்கிறாங்களா?" அவர் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், ஜன்னலைப் பார்த்தார், கிளம்பிவிட்டார். எனக்கு அது போதும் அக்கா. நீ அமைதியாக இருக்காதே. ஆனால் தனியாக இருக்காதே.

இது அவர் சொல்லாமல் நானே எழுதுவது. பேசும்போது சிரிக்கிறார், நான் வெளியே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். இன்னும் ஒரு வாரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். பாப்பாவை எங்கம்மா வீட்டில் விட்டிருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி எழுதிய அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். வந்தால் என் பின்னால் யாரெல்லாம் உன் வார்டுக்கு வருவார்கள் என்று பயந்துதான் நிற்கிறேன்.

நான் பேக்கரி மாடியைக் காலி செய்துவிட்டேன். என்னோடு படித்தவள் ஒருத்தி இங்கே கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள், அவள் வீட்டில் இருக்கிறேன். வேலையும் இல்லை. போன வாரம் தொழிற்சாலை வாசலில் என் அடையாள அட்டையை வைத்தேன், கதவு திறக்கவில்லை. "மேல கேட்டுக்கங்க மேடம்" என்றார் வாட்ச்மேன். மேலே போகத்தான் கதவு திறக்கவில்லை. என் கைப்பை, குடை, வெள்ளைக் கோட்டு எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வாசலிலேயே தயாராக வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "நீங்க சொல்றத நம்புறேன்மா. ஆனா நம்பி என்ன பண்ண? சீல் ஒடையாத பாட்டில் ஒண்ணு கொண்டாங்க" என்றார். கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் வேறொன்று உறைத்தது. கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கிப் போனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சரம்மாவின் தெருவில் இன்றைக்குக் காலையிலும் யாரோ இரண்டு மூடி ஊற்றியிருப்பார்கள். அவர்கள் வீட்டு அலமாரியில் இருப்பதை யார் போய் எடுப்பது?

எனக்கு முகடுகள் தெரியும், அவர்களைத் தெரியாது. உனக்கு அவர்களை முகம் முகமாகத் தெரியும். இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு மட்டும்.

அக்கா

மே 3

அக்காவுக்கு,

இது என் கையெழுத்து. கோணலை வைத்தே கண்டுபிடித்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். "கரையேறிட்டீங்க, ஆனா கால் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு" என்றார் டாக்டர். கண் மஞ்சள் இன்னும் போகவில்லை. பாப்பா என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இவள் கடைக்குப் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள். அதைப் போட்ட பிறகுதான் பாப்பா என் மடிக்கு வந்தாள்.

நேற்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரம்மாவின் தெருவுக்குப் போனேன். தையல்காரர் வீடுதான் முதலில். விஷயத்தைச் சொன்னேன். "போன மாசம் நல்லதுன்னு சொன்னதும் நீங்கதானே?" என்றார் அவர் மனைவி.

"ஆமாம்மா."

"இப்பக் கெட்டதுங்கறதும் நீங்க. எத நம்புறது?"

அடுத்த வீட்டில், "வேற கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அதற்கடுத்து பிளம்பர் வீடு. அவர் மனைவி பாட்டிலை எடுத்து வந்து தொட்டியில் கவிழ்த்தாள். பாதி கொட்டும்போதே கை நின்றுவிட்டது. "மாமாவுக்கு நாலு நாளா வாந்திண்ணே. பித்தம்னு நெனச்சு இதத்தான் கூடக் குடுத்தேன்" என்றாள். உள்ளே கட்டிலில் கிழவர். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எனக்கு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினோம்.

எல்லா வீட்டிலும் திறந்த பாட்டில்தான். சீல் உடையாதது எங்குமே கிடைக்கவில்லை.

தெரு திரும்பும் இடத்தில் மைக் சத்தம் கேட்டது. "பழைய பாட்டிலக் குடுங்க, புதுப் பாட்டில் இலவசமா வாங்கிக்கங்க! புது ஃபார்முலா!" அதே வேன். அதன் பின்பக்கம் நின்று ஏரியா ஆபீசர் கொடுத்துக்கொண்டிருந்தார். சாறு அதே சிவப்பு, மூடி மட்டும் இப்போது பச்சை. வரிசை முனைவரை நின்றது. நான் இன்னும் போகாத வீட்டுக்காரர்கள் நின்றார்கள். போன வீட்டுக்காரர்களும் நின்றார்கள். தையல்காரர் மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நானும் வரிசையில் நின்றேன். இவள் என் கையை விடவில்லை, நகம் பதிந்துவிட்டது. என் முறை வந்தபோது ஆபீசர் பார்த்துவிட்டார். பேச்சுப் பழக்கத்தில் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "வாங்க சார், வாங்க! ஒடம்பு தேவலையா?" என்று கேட்டார். தெரு முழுக்கக் கேட்டது.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன்.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. நான் வரிசையின் பக்கம் திரும்பினேன். "தினமும் வாசல்ல நின்னு குடிச்சேனே, பாத்தீங்கல்ல? இப்பவும் பாருங்க. நல்லாப் பாருங்க." பேசப் பேச மூச்சு வாங்கியது. "டீச்சரம்மா எங்கன்னு இவர்கிட்டக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. சினிமாவாக இருந்தால் எல்லோரும் பாட்டிலைத் தரையில் போட்டு உடைத்திருப்பார்கள். இங்கே சிலர் மெதுவாக நழுவினார்கள். சிலர் அப்படியே நின்றார்கள். வரிசை கலையவும் இல்லை, நகரவும் இல்லை. நான் கையை நீட்டி, "எனக்கும் ஒரு புதுப் பாட்டில் குடுங்க சார்" என்றேன். அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் இன்னொரு கை நீண்டது. டீச்சரம்மாவின் மகன். எப்போது வந்தான் என்று எனக்குத் தெரியாது. அவனும் ஒன்று வாங்கினான். நடுவில் யாரும் திறக்கவில்லை என்று காட்ட, அந்த இடத்திலேயே இரண்டையும் துணியில் சுற்றி, தையல்காரரைக் கூப்பிட்டுத் தைக்கச் சொல்லி, தையல் மேல் கையெழுத்தும் வாங்கினான். தையல்காரர் போட்டார். அவர் மனைவி கையில் மட்டும் பச்சை மூடிப் பாட்டில் அப்படியே இருந்தது. அதை அவர் கொட்டினாரா என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தையும் பாட்டில்களையும் அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன். வேன் புறப்பட்டபோது பாட்டு போட்டுக்கொண்டு போனது.

தம்பி

மே 12

தம்பிக்கு,

டீச்சரம்மாவின் மகன் பத்திரமாக வந்து சேர்ந்தார். பஸ்ஸில் இரண்டு பாட்டிலையும் மடியை விட்டு இறக்கவில்லையாம்.

ஒன்றை அப்படியே அலுவலகத்தில் ஒப்படைத்தோம். தையலையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு அதிகாரி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். உன் டாக்டரும் டீச்சரம்மாவைப் பற்றியும் உன்னைப் பற்றியும் பிளம்பரின் அப்பாவைப் பற்றியும் அவருக்கு எழுதியிருக்கிறார். கிழவர் பிழைத்துக்கொள்வார் என்று அதில் இருக்கிறது.

இன்னொரு பாட்டிலைக் கல்லூரிக் கருவியில் நானும் என் சிநேகிதியும் ஓட்டினோம். தேயிலை முகடு வரும் நேரம் வந்தது. கோடு தரையோடு தரையாகப் போனது. இல்லை. எடுத்துவிட்டார்கள். அவள் என் தோளைத் தட்டினாள். எனக்கும் உடம்பு லேசாகிவிட்டது. மாதுளை முகடுகள் அப்போதும் அமுங்கித்தான் இருந்தன, அதை நான் யோசிக்க மறந்துவிட்டேன். எல்லாம் வெளியே வந்தாயிற்று, கருவியை நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டியபோது கடைசியில் ஒன்று எழுந்தது. எழுந்துகொண்டே போய்த் திரையின் உச்சியில் முட்டி, தலை தட்டையாகி அங்கேயே நின்றது. கல்லூரியில் இருக்கும் குப்பிகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டோம். எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரியாது தம்பி. தேயிலையாக இருந்தபோது கல்லீரலைப் பார் என்று சொல்லத் தெரிந்தது. இதைக் குடித்தவர்களிடம் எதைப் பார்க்கச் சொல்வேன்? ஊதாக் கரைசலில் விட்டுப் பார்த்தேன். நிமிடத்தில் வெளுத்துவிட்டது. அமோகமாகத் தேறுகிறது.

"பெரிய லேப் ரிசல்ட் வர்றதுக்குள்ள எதையும் நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்கிறார் அதிகாரி. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. அதுவரை வேன் ஓடும். உன் ஊரில் முடித்திருப்பார்கள், இனி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அங்கேயும் நீதானே சரக்குப் போட்டாய். எந்தத் தெரு, எந்த வீடு, வீட்டில் வயதானவர்கள் யார், யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று யோசித்து வை. நீ வரக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால் போதும். நடப்பது நானும் டீச்சரம்மாவின் மகனும். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து உன் வீட்டில் இறங்குகிறோம். நீ கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டாம், உன் கண்ணை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

போன ஞாயிறு கல்லூரி வாசலில் அந்த உதவிக்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். ஆகவே நான் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, வரும் இடமும் தெரிந்திருக்கும். பாப்பாவை இப்போதைக்கு மறுபடி உன் வீட்டுக்காரியின் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடு.

அதுவரை கதவைத் தாழ் போட்டு வை. யார் தட்டினாலும் திறக்காதே. நான் உன்னைக் கூப்பிடுவேன், என் குரல் கேட்டால் மட்டும் திற.

அக்கா